காலாகாலத்தில் சொல்லுங்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில், ஆண்களின் பிறப்புறுப்பு நலம் குறித்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெண்களும் வருவார்களே, இந்தத் தலைப்பை எப்படிப் பேசுவது என்று அமைப்பாளர்கள் தயங்கினார்கள். அவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவன் நான். நள்ளிரவில் மகனுக்கு வலி வந்தால் முதலில் எழுந்து வருகிறவர் தாய். கணவனுக்கு ஒரு தொற்று வந்தால் கூடவே மருந்து சாப்பிட வேண்டியவர் மனைவி. அவர்களுக்குத் தெரியாமல் இந்த நோய்களை ஒழிக்க முடியாது.

பெண் குழந்தை வயதுக்கு வந்தால் சொல்லிக்கொடுக்க அம்மா இருக்கிறார், அத்தை இருக்கிறார், கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். பையனுக்கு யார் இருக்கிறார்கள்? கூட்டாளிகள் சொல்லும் கதையும், பேருந்து நிலையச் சுவரொட்டியும், கைப்பேசியும்தான். அப்படி வளர்ந்தவர் நாற்பது வயதிலும் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து தலைவலியைப் பற்றிப் பேசிவிட்டு, எழுந்து போகிறபோதுதான் "இன்னொரு விஷயம் டாக்டர்" என்று குரலைத் தாழ்த்துகிறார். அந்த இன்னொரு விஷயத்துக்காகத்தான் அவர் வந்ததே.

இந்த உறுப்பில் வரும் நோய்களில் பெரும்பாலானவை சிறியவை. மருந்துக்கோ சின்ன அறுவைக்கோ கட்டுப்படுபவை. நாள் கடத்துவதால்தான் அவை பெரிதாகின்றன. ஆகவே, எந்த நோய்க்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற கணக்கில் இன்று பேசப்போகிறேன். சிலவற்றுக்கு மணிக்கணக்கு, சிலவற்றுக்கு நாள்கணக்கு, சிலவற்றுக்கு வாரக்கணக்கு. சிலவற்றுக்கு மருத்துவமே வேண்டாம்.

மணிக்கணக்கு

ஒவ்வொரு விரையும் ஒரு கொடியில் தொங்குகிறது. அதற்கு இரத்தம் வருவதும் போவதும் அந்தக் கொடி வழியாகத்தான். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே விரை தன் உறைக்குள் சரியாகப் பற்றியிருக்காது. அது ஒருநாள் சுழன்று, கொடி முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுபோகும். 12 முதல் 18 வயதுவரை உள்ள பையன்களுக்குத்தான் இது அதிகம். விளையாடும்போது வரலாம், தூக்கத்திலிருந்து வலித்து எழுப்பலாம். ஒரு பக்கத்தில் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி. வலிக்கிற விரை மற்றதைவிட மேலே ஏறி நிற்கும்.

முறுக்கை ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் விரை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு மணிக்கும் வாய்ப்புக் குறையும். ஒரு நாள் கடந்துவிட்டால் பெரும்பாலும் அதை எடுத்துவிடத்தான் வேண்டியிருக்கும்.

இந்த ஆறு மணி நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். பையன் வெட்கப்பட்டு "வயிறு வலிக்குதும்மா" என்கிறான். அவன் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, அடிவயிறும் சேர்ந்துதான் வலிக்கும். வாந்தியைப் பார்த்த அம்மா அஜீரணம் என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுக்கிறார். விடியட்டும் என்று படுக்கவைக்கிறார்கள். விடிந்தபோது நேரம் முடிந்திருக்கிறது. அடிவயிறு வலிக்கிறது என்று பையன் சொன்னால், "கீழே வலிக்குதாப்பா?" என்று நீங்களே கேளுங்கள். மருத்துவமனையிலும் விரைப்பையைப் பார்க்காமல் அந்தப் பரிசோதனை முடியக் கூடாது. டாப்ளர் ஸ்கேன் உதவும். ஆனால் அறிகுறி தெளிவாக இருக்கும்போது ஸ்கேனுக்காகக் காத்திருந்து நேரத்தை இழக்கக் கூடாது. அறுவை எளியது. முறுக்கைப் பிரித்து, விரையை இடத்தில் தைத்து நிறுத்துவோம். அடுத்த பக்கத்திலும் அதே குறை இருக்கக்கூடும் என்பதால் அதையும் தைத்துவிடுவோம். விடுதிக் காப்பாளர்களும் உடற்பயிற்சி ஆசிரியர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அடுத்து, விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் வலியோடு அடங்காமல் நிற்பது. உள்ளே தேங்கிய இரத்தத்தில் பிராணவாயு தீர்ந்து, தசை அழியத் தொடங்கும். அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவர்களுக்கு இது வரும். இந்தியாவில் அந்த நோய் முதலில் கண்டறியப்பட்டதே 1952-ல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்த மலைக்கிராமங்களில் வேலை பார்க்கும் ஆசிரியர்களும் செவிலியர்களும் இந்த அறிகுறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விறைப்புக்கென்று கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்துகளாலும் இது வரலாம்.

மூன்றாவது, பின்னால் தள்ளிய முன்தோல் திரும்ப முன்னால் வராமல் இறுகிக்கொள்வது. மொட்டுப்பகுதி வீங்கும், வீங்க வீங்கத் தோல் இன்னும் இறுகும். வயதானவர்களுக்குச் சிறுநீர்க் குழாய் மாட்டியபின் தோலை முன்னால் கொண்டுவர மறந்துவிடுவதால் இது அடிக்கடி நேர்கிறது. வீட்டில் குழாயோடு இருக்கும் தாத்தாவைக் குளிப்பாட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் தோல் முன்னால் வந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

நான்காவது, உயிரையே கேட்கிற நோய். 1883-ல் ஃபூர்னியே என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்கும் அழுகல் நோய் அது. விரைப்பையின் தோலுக்கு அடியில் கிருமி பரவி, சதை மணிக்கணக்கில் கருகும். இதற்கு ஆளாகிறவர்களில் பலர் கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயாளிகள். சின்னக் கொப்புளம் அல்லது ஆசனவாய்ப் பக்கத்துக் கட்டியில் தொடங்கும். வெளியே தெரியும் புண்ணுக்குப் பொருந்தாத அளவு வலி, காய்ச்சல், துர்நாற்றம், கருமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

நாள்கணக்கு

அடுத்தது உடலுறவால் பரவும் தொற்றுகள். நம் ஊரில் வெட்டை என்பார்கள், மேகநோய் என்பார்கள். நோயின் பெயரைச் சொன்னதும் ஆளின் ஒழுக்கத்தை எடைபோடத் தொடங்கிவிடுகிறோம். கிருமிக்கு ஒழுக்கம் தெரியாது, மருந்துக்கும் தெரியாது.

வெட்டை, தொற்று ஏற்பட்ட சில நாள்களிலேயே சிறுநீர்த் தாரையில் எரிச்சலும் சீழுமாக வெளிப்படும். சரியான மருந்து உள்ளே போனால் விரைவில் அடங்கும். பாதியில் விட்டால் சிறுநீர்த் தாரை வடுப்பட்டுச் சுருங்கி, பிற்காலத்தில் சிறுநீர் நூல்போல வரும். வெட்டைக் கிருமி பழைய மருந்துகள் பலவற்றுக்குப் பழகிவிட்டது. ஆகவே நண்பருக்குக் கேட்ட மாத்திரையை மருந்துக்கடையில் சொல்லி வாங்குவது வீண். கூடவே இருக்கக்கூடிய கிளமிடியா என்ற இன்னொரு கிருமி பெண்ணிடம் சத்தமே இல்லாமல் இருந்து, கருக்குழாயை அடைத்துவிடும். குழந்தை இல்லை என்று அந்தப் பெண் கோயில் கோயிலாக ஏறி இறங்குவாள். கணவன் மட்டும் ரகசியமாக மருந்து சாப்பிட்டால் அவளிடமிருந்து மறுபடியும் அவனுக்கே தொற்றும். இருவரும் ஒன்றாகச் சிகிச்சை எடுத்தால்தான் அது சிகிச்சை.

மேகப்புண் இன்னும் தந்திரமானது. தொற்றி ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து ஒரு புண் வரும். பெரும்பாலும் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆறியதும் ஆள் நிம்மதியடைகிறார். ஆனால் கிருமி இரத்தத்தில் இறங்கிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கும். கருவில் இருக்கும் குழந்தையையும் தாக்கும். அந்தக் கிருமி 1905-ல் கண்டறியப்பட்டது. 1943-ல் பென்சிலின் அதற்கு மருந்தானது. இன்றுவரை பென்சிலினுக்கு அது அடங்குகிறது. ஆரம்ப நிலையில் ஒரே தடவை ஊசி போட்டால் போதும். ஆகவே வலிக்காத புண்தான் என்று எதையும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

கொத்துக்கொத்தாகச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வந்து உடைந்து எரிந்தால் அது ஹெர்பிஸ். கிருமி உடலைவிட்டு முழுதும் போகாது; ஆனால் அசைக்ளோவிர் மாத்திரை அதன் வீச்சைக் குறைக்கும்.

எல்லாப் புண்ணும் பால்வினைப் புண் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வலி மாத்திரையோ சில நுண்ணுயிர்க்கொல்லிகளோ சாப்பிட்ட ஓரிரு நாளில், சிலருக்கு ஆணுறுப்பின் நுனியில் சிவந்து, புண்ணாகி, பிறகு கருந்தழும்பாக ஆறும். மறுபடி அதே மாத்திரையைச் சாப்பிட்டால் அதே இடத்தில் மறுபடி வரும். அது மருந்து ஒவ்வாமை. இதைப் பால்வினை நோயாக எண்ணிக் குடும்பத்தில் சண்டை மூள்வதைக் கண்டிருக்கிறேன். புண் வருவதற்குமுன் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்ற ஒரு கேள்வியில் தீரவேண்டிய விஷயம் அது.

எச்.ஐ.வி. பற்றி நம் மாநிலத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். அன்று அது மரண ஓலை. இன்று தினம் மாத்திரை சாப்பிட்டு முழு ஆயுளும் வாழலாம். கிருமி அளவு பரிசோதனையில் தெரியாத நிலைக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவில் துணைக்குப் பரவாது. பாதுகாப்பில்லாத தொடர்பு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். விவரம் கேட்க 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம்.

வாரக்கணக்கு

ஆண்களை அதிகம் வாட்டுவது தொடையிடுக்கு அரிப்புதான். நம் வெயிலும் வியர்வையும் இறுக்கமான ஜீன்ஸும் சேர்ந்தால் படர்தாமரைக்கு வேறென்ன வேண்டும்? ஓரம் சிவந்து, வட்டமாகப் பரவும். மருந்துக்கடையில் ஒரு களிம்பு கேட்கிறோம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவியதும் அரிப்பு நிற்கிறது. ஆனால் அது எரிகிற தணலைச் சாம்பல் போட்டு மூடுகிற வேலை. உள்ளே பூஞ்சை செழித்து வளரும். தோல் மெலிந்து வரிவரியாகக் கிழியும். இப்படிப்பட்ட களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. இந்தியாவில் பரவிய, வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்காத ஒரு பூஞ்சைக்கு 2020-ல் இந்தியாவின் பெயரையே சேர்த்து டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்துவிட்டார்கள். அரிப்பு நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன காலம்வரை மருந்தைத் தொடருங்கள். துண்டும் உள்ளாடையும் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். வெயிலில் நன்றாகக் காயட்டும்.

இரவில் அரிப்பு அதிகமாகி, விரைப்பையிலும் ஆணுறுப்பிலும் சின்னச் சின்ன முண்டுகள் வந்து, விரலிடுக்கிலும் அரித்தால் அது பெரும்பாலும் சிரங்கு. பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால்வரை இரவில் தடவி, காலையில் குளிக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவினால்தான் தீரும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவையும் தேவைப்படும்.

முன்தோலுக்கு வருவோம். நடுவயதில், அதுவரை சுலபமாகப் பின்னால் போன தோல் இறுகி, ஓரத்தில் வெடிப்பு வெடிப்பாகக் கீறி, வெள்ளையாகப் படிந்து எரிந்தால், முதலில் சர்க்கரையைப் பாருங்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது; பலருக்கு அது இருப்பதே தெரியாது. அவர்களில் சிலருக்கு உடல் தரும் முதல் தகவல் இந்த வெடிப்புதான். பூஞ்சைக் களிம்பும் சர்க்கரைக் கட்டுப்பாடும் சேர்ந்தால் குணமாகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால் இந்தத் தொற்று வரக்கூடும். நல்ல மாத்திரைகள் அவை. நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இறுகிய தோலுக்கு ஸ்டீராய்டு களிம்பையே மருத்துவர் சில வாரம் தடவச் சொல்லலாம். சற்று முன் திட்டினீர்களே என்று கேட்காதீர்கள். படர்தாமரையில் கெடுக்கிற அதே மருந்து இங்கே தோலை நெகிழ்த்துகிறது. அதனால்தான் சீட்டு வேண்டும் என்கிறோம். அதற்கும் அடங்காவிட்டால் முன்தோலை நீக்கும் அறுவை. இஸ்லாமியக் குடும்பங்களில் சுன்னத் என்று காலங்காலமாகச் செய்யப்படுவதும் இதுவே. தேவைப்படும்போது செய்துகொள்ள யாரும் தயங்க வேண்டியதில்லை.

தயங்கினால் என்ன ஆகும்? இறுகிய தோலுக்குள் அழுக்குச் சேர்ந்து, நாள்பட்ட புண் உள்ளே மறைந்து வளரும். ஆணுறுப்புப் புற்றுநோய் இப்படித்தான் பலரிடம் ஒளிந்திருக்கிறது. இறுகிய முன்தோல், புகையிலை, ஹெச்.பி.வி. கிருமி ஆகிய மூன்றும் அதற்கு வழிவகுப்பவை. ஆரம்பத்தில் வந்தால் உறுப்பைக் காப்பாற்றலாம். மூன்று வாரமாகியும் ஆறாத எந்தப் புண்ணையும், தடிப்பையும் காட்டிவிடுங்கள்.

விரையில் வலியில்லாத கட்டி தெரிந்தால் இன்னும் அவசரம். விரைப் புற்றுநோய் 15 முதல் 40 வயதுக்குள்தான் அதிகம் வருகிறது. நல்ல செய்தி என்னவென்றால், குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்களில் முன்வரிசையில் இருப்பது இதுதான். 1970-களில் சிஸ்பிளாட்டின் மருந்து வந்தபின் மற்ற உறுப்புகளுக்குப் பரவிய நிலையிலும் பலர் பிழைக்கிறார்கள். வெந்நீரில் குளித்தபின் மாதம் ஒருமுறை விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டிப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு விரை கீழே இறங்காமல் இருந்து, ஆறு மாதத்திலும் இறங்காவிட்டால் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். ஒன்று, ஒன்றரை வயதுக்குள் இறக்கி வைத்துவிட்டால் பிற்காலக் கருவளமும் பிழைக்கும், புற்றுநோய் ஆபத்தும் குறையும்.

விரைவீக்கம் என்கிற ஓதம் நம் பக்கத்துப் பழைய நோய். யானைக்கால் புழுவைக் கொசு பரப்புகிறது; அது நிணநாளத்தை அடைக்க, விரையைச் சுற்றி நீர் கோக்கிறது. அந்தப் புழுவின் குஞ்சுகளை முதன்முதலில் 1863-ல் பாரிசில் பார்த்ததே இப்படியொரு வீக்கத்தின் நீரில்தான். இலங்கையில் இந்த நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைக் கடந்துவிட்டதாக 2016-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஊரே சேர்ந்து மாத்திரை சாப்பிட்டதற்குக் கிடைத்த பலன் அது. ஊசி குத்தி நீரை எடுத்தால் மறுபடி சேரும். சின்ன அறுவைதான் தீர்வு. வேட்டியால் மூடிக்கொண்டு கல்யாணம் காட்சிக்குப் போகாமல் ஆண்டுக்கணக்கில் ஒதுங்கி வாழ்ந்தவர்கள், அறுவை முடிந்து சில வாரத்தில் வயலுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

மருத்துவம் வேண்டாதவை

தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயில்லை. சுய இன்பத்தால் நரம்பு தளராது, உடம்பு இளைக்காது, பிள்ளை பிறக்காமல் போகாது. விந்து போனால் உயிரே போகிறது என்ற பயம் ஒரு மனவேதனை. 1960-ல் பேராசிரியர் விக் அதற்கு 'தாத்' நோய்க்குறி என்று பெயரிட்டார். அந்தப் பயத்தை விற்றுத்தான் லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் செய்கிறவர்கள் பிழைக்கிறார்கள். இப்படிப்பட்ட விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. மாணவர்களே, அந்தச் சுவரொட்டிக்கு உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஒரு விரை மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பு. மொட்டின் விளிம்பில் வரிசையாக முத்துமுத்தான சிறு பருக்கள் இருப்பதும் இயல்பு. சின்னப் பிள்ளைகளுக்கு முன்தோல் பின்னால் போகாததும் இயல்புதான். டென்மார்க்கில் பள்ளிப் பையன்களைப் பார்த்து 1968-ல் வெளியான ஆய்வில், 17 வயதில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் தோல் இறுகியிருந்தது. ஆகவே குழந்தையின் தோலை இழுத்து விடாதீர்கள். கிழிந்து ஆறும் தழும்புதான் அதைப் பிறகு இறுக்கும்.

விறைப்புக் குறைவு மட்டும் இந்த வரிசையில் சேராது. ஆணுறுப்பின் இரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இதயத்தின் குழாய் அதைவிடப் பெரியது. அடைப்பு சிறியதில்தான் முதலில் தெரியும். நாற்பதைக் கடந்தவருக்கு இந்தக் குறை தொடர்ந்து இருந்தால் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துகிறவர்கள் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

தடுப்பு

தடுப்புக்குச் செலவே இல்லை. தினம் குளிக்கும்போது தோலைப் பின்னால் தள்ளித் தண்ணீரால் கழுவுங்கள், துடைத்து உலரவிட்டு முன்னால் கொண்டுவாருங்கள். டெட்டால் வேண்டாம், மணக்கும் திரவம் வேண்டாம். அவை தோலைப் புண்ணாக்கும். பருத்தி உள்ளாடை போடுங்கள், தினம் மாற்றுங்கள். ஆணுறையை ஒவ்வொரு முறையும், தொடக்கம் முதல் பயன்படுத்துங்கள். ஹெச்.பி.வி. தடுப்பூசி பெண்களுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். 2022-ல் ஒப்புதல் பெற்ற இந்தியத் தயாரிப்பு 9 முதல் 26 வயதுவரை உள்ள ஆண்களுக்கும் உரியது. அது மருக்களையும், ஆணுறுப்பில் வரும் புற்றுநோய்களில் ஒரு பகுதியையும் தடுக்கும்.

தந்தைமார்களே, உங்கள் மகனிடம் இரண்டே செய்தி சொல்லுங்கள். "கீழே திடீர்னு வலிச்சா ராத்திரி எந்நேரமானாலும் என்னை எழுப்பு. புண்ணோ கட்டியோ வந்தா என்கிட்ட சொல்லு, திட்டமாட்டேன்." இரண்டாவது செய்தியின் கடைசிச் சொல்லைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. அதைக் காப்பாற்றினால், நான் இதுவரை சொன்ன எல்லா நோய்களுக்கும் பாதி மருத்துவத்தை நீங்களே செய்துவிட்டீர்கள். மீதியை எங்களிடம் விடுங்கள்.

கேள்வி நேரத்துக்கு வந்துவிட்டோம். எழுந்து நின்று கேட்கலாம். தயக்கமாக இருந்தால் பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். ஒன்றுவிடாமல் பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.